பழைய எஞ்சினைக் கைவிடலாமா?

(ஆனி மாதத்தில் பங்கு அரங்கில் கடல் தொழில் செய்வோருக்கு நிகழ்த்திய உரை. பொன்விழா மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



நேற்று மாலை கடற்கரையில் நடந்து வந்தபோது, ஒரு வள்ளத்தின் நிழலில் பழைய எஞ்சின் ஒன்று மணலில் படுத்துக் கிடப்பதைக் கண்டோம். அதன் உடையவர் அருகில் நின்றார். "சாமி, இதை இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டு புதுசு எடுக்கப் போறேன். இருபத்தஞ்சு எச்.பி." என்றார். "திறந்து பார்த்தீர்களா?" என்று கேட்டோம். "இருபது வருஷம் ஓடியாச்சு. இனி என்ன சாமி திறந்து பாக்க?" என்றார்.

அவர் இந்த அரங்கில்தான் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரே சிரித்துத் தம்மைக் காட்டிக்கொடுக்கிறார். அவருடைய எஞ்சினைப் பற்றிய பேச்சுக்குப் பிறகு வருவோம்.

பங்குத் தந்தைக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள். கார்புரேட்டரைப் பற்றி ஒருவரும் கற்பிக்கவில்லை. அந்தப் பாடத்தைக் கடல் கற்பித்தது. அதற்கு நம் குடும்பம் கட்டிய கட்டணம் பெரிது. அதைச் சொன்ன பிறகு மற்றவற்றைச் சொன்னால்தான் நம் பேச்சில் உள்ள அவசரம் உங்களுக்கு விளங்கும்.

1984ஆம் ஆண்டு நம் வீட்டுக்கு எஞ்சின் வந்தது. அப்போது நமக்கு வயது பதினான்கு. அதற்கு முன்பே முட்டத்தில் அருட்தந்தை ஜேம்ஸ் தொம்பர் அவர்களின் முயற்சியாலும், பியேர் ஜில்லே என்ற பெல்ஜியரின் கைவண்ணத்தாலும் பிளைவுட் வள்ளங்கள் கட்டப்பட்டு வந்தன என்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980இல் தோன்றியது. எஞ்சின்களை இறக்குமதி செய்து தருவதோடு நில்லாமல், அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது அந்த அமைப்பு. பாய் விரித்தவர்களின் பிள்ளைகள் கயிறு இழுத்து எஞ்சினைக் கிளப்பக் கற்றுக்கொண்ட காலம் அது. நம் தந்தையின் எஞ்சின் எட்டுக் குதிரைச் சக்தி. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. அதை முதன்முதலில் கரைக்குக் கொண்டுவந்த நாளில் மந்திரிப்பு நடந்தது. தெரு முழுவதும் சுக்குக் காப்பி.

1991ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் நாம் குருமடத்திலிருந்து வீடு வந்திருந்தோம். தந்தையோடும் சித்தப்பாவோடும் ஒரு வாரம் தொடர்ந்து கடலுக்குச் சென்றோம். எஞ்சின் ஓடும்போது அதன் பின்புறத்துச் சிறு துவாரத்தின் வழியாகத் தண்ணீர் பீய்ச்சும் அல்லவா? குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே சுற்றி வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. முதல் நாள் அது சுண்டுவிரல் கனத்தில் வந்தது. நான்காம் நாள் ஈர்க்குச்சி கனத்துக்கு மெலிந்தது. ஆறாம் நாள் பீய்ச்சவே இல்லை, சொட்டியது. நாம் அதைப் பார்த்தோம். சொல்லவில்லை. "சாமியாருக்குப் படிக்கிறவன் எஞ்சினும் பாக்கிறானே" என்று சித்தப்பா கேலி செய்வார் என்ற கூச்சம். அதோடு, இருபது ஆண்டு கடல் கண்டவர்கள் கவனிக்காததை நாம் கவனித்திருக்க முடியாது என்ற எண்ணமும் இருந்தது.

ஏழாம் நாள் கரை கண்ணுக்கு மறைந்த தூரத்தில் எஞ்சின் ஒரு முனகலோடு நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. சித்தப்பா பதற்றத்தில் வாளி வாளியாகக் கடல்நீரை மொண்டு எஞ்சின் தலையில் ஊற்றினார். 'சுர்' என்று ஆவி எழுந்தது. வலிய சூட்டில் இருந்த அலுமினியத்தின் மேல் குளிர்ந்த நீர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் மூவரும் அறியோம். பின்னர் பட்டறையில் திறந்தபோது பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. தலைப்பகுதியில் முடி போன்ற ஒரு விரிசலும் இருந்தது.

வள்ளத்தில் துடுப்பு ஒன்றே ஒன்று. பாய் இல்லை, எஞ்சின் வந்த இரண்டாம் ஆண்டிலேயே அது வீட்டுத் திண்ணைக்கு மறைப்பாகிவிட்டிருந்தது. நீரோட்டம் கிழக்கே இழுத்தது. அன்று பகலும் இரவும் மிதந்தோம். குடிதண்ணீர் ஒரு குடம். மறுநாள் காலையில் ஒரு விசைப்படகு கண்டு கயிறு கொடுத்தது. உயிர் பிழைத்தோம்.

பிழைத்த பிறகுதான் கணக்கு தொடங்கியது. வேறு எஞ்சின் வாங்கத் தந்தை பதினைந்தாயிரம் ரூபாயை நூற்றுக்கு மாதம் மூன்று வட்டியில் வாங்கினார். மாதம் நானூற்று ஐம்பது ரூபாய் வட்டி. ஐந்து ஆண்டில் வட்டி மட்டும் இருபத்தேழாயிரம். அக்காளின் திருமணம் இரண்டு முறை தள்ளிப் போயிற்று. இத்தனைக்கும் காரணம், எஞ்சினின் காலுக்குள் இருக்கும் ஒரு ரப்பர்ச் சக்கரம். ஒரு நாள் பாட்டின் விலைகூட அதற்கு இல்லை. அதை 'இம்பெல்லர்' என்பார்கள்.

அந்த விடுமுறையின் எஞ்சிய நாள்களை நாம் பட்டறையிலேயே கழித்தோம். அன்று தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை. நம்மைப் பற்றி இந்தப் பங்கில் ஒரு பேச்சு உலவுவதும் தெரியும்: சாமியார் பிரசங்கம் வைக்கும்போதுகூட, கரையில் எந்த எஞ்சின் சத்தம் மாறினாலும் ஒரு நொடி நிறுத்துவார் என்று. அது உண்மைதான்.

நிற்க. இம்பெல்லரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எஞ்சினின் தலையிலிருந்து புரொப்பெல்லருக்கு இறங்கும் தண்டின் வழியில், கியர் பெட்டிக்குச் சற்று மேலே, ஒரு சிறு கிண்ணத்துக்குள் இந்த ரப்பர்ச் சக்கரம் சுழல்கிறது. அதன் இதழ்கள் வளைந்து வளைந்து கடல்நீரை மேலே தள்ளுகின்றன. அந்த நீரே அதற்கு மசகு. நீரின்றி ஓடினால் சில நொடிகளிலேயே ரப்பர் தேயவும் கருகவும் தொடங்கும். நம் கரையோ துறைமுகம் அல்ல, அலைவாய்க்கரை. வள்ளம் தள்ளும்போதும் ஏற்றும்போதும் எஞ்சின் மணல் கலந்த நீரை உறிஞ்சுகிறது. மணல் அந்த ரப்பரையும் கிண்ணத்தையும் உரசி அரிக்கிறது. ஆழ்ந்த துறையில் பல ஆண்டு நிற்கும் இம்பெல்லர் நம் கரையில் ஓராண்டு நின்றால் அதிகம். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை, பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை மாற்றிவிடுங்கள். தண்ணீர் மெலிந்தால் முதலில் அந்தத் துவாரத்தில் உப்போ மணலோ அடைத்திருக்கிறதா என்று மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். அடைப்பு இல்லையென்றால் அன்று கடலுக்குப் போகாதீர்கள். கரைக்கு எஞ்சினை எடுத்துவந்ததும், அதைத் தோளில் சுமந்து செல்லுமுன், நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் காலை முக்கி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். உள்ளே தங்கும் உப்பு கழுவப்படும். டிரம்மில் ஓட்டும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுவது நல்லது. கையும் தப்பும், தண்ணீரும் வெளியே சிதறாது.

பெண்கள் இங்கே நிரம்ப இருக்கிறீர்கள். எஞ்சின் பேச்சு ஆண்களுக்கானது என்று நினைக்காதீர்கள். கரையில் நின்று வள்ளம் புறப்படுவதைப் பார்க்கிறவர்கள் நீங்கள்தாம். பீய்ச்சும் தண்ணீர் உங்கள் கண்ணுக்குத் தெரியும். மெலிந்திருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் இருந்த ஒருவன் இப்போது உங்கள் முன் நின்று பேசுகிறான்.

அடுத்து, அலையில் கவிழ்ந்து எஞ்சின் முங்கிப்போகும் நிகழ்ச்சி. இது நம் கரையில் ஆண்டுதோறும் நடப்பது. அப்போது நாம் செய்யும் முதல் காரியமே பெரும்பாலும் தவறாக இருக்கிறது. கரைக்குத் தூக்கி வந்ததும் "ஓடுகிறதா பார்" என்று ஒருவர் கயிற்றை வேகமாக இழுக்கிறார். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். அதுவரை காப்பாற்றக்கூடியதாக இருந்த எஞ்சின் அந்த ஒரு இழுப்பில் பாழாகிறது.

செய்ய வேண்டியது இது. முதலில் நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துவாரங்கள் கீழே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்து, மெதுவாகக் கையால் சுற்றினால் தண்ணீர் வடியும். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவுங்கள். எரிபொருள் டாங்க்கிலும் குழாயிலும் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். மேக்னெட்டோவை நல்ல தண்ணீரால் அலசி உலர்த்துங்கள். சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டுச் சுற்றி, பிறகு கிளப்பி, அரை மணியாவது ஓடவிட்டால்தான் உள்ளிருக்கும் ஈரம் போகும். இவ்வளவையும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும்.

மெக்கானிக் ஊரில் இல்லை, இரவாகிவிட்டது என்றால்? அங்கேதான் பலருக்கும் நம்பிக்கை வராத ஒரு யோசனை சொல்கிறோம். எஞ்சினை வெயிலில் காயப்போடாதீர்கள். நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் முழுவதும் முக்கி வையுங்கள். இரும்பு துருப்பிடிப்பதற்கு ஈரமும் காற்றும் சேர வேண்டும். உப்பு அதை விரைவுபடுத்தும். முங்கியிருக்கும் எஞ்சினுக்குக் காற்று குறைவு, உப்பும் கரைந்துவிடுகிறது. ஓரிரு நாள் அப்படியே கிடந்தாலும் பேரிங்குகளைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. வெளியே காயவைத்தால் ஓர் இரவே போதும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்த பிறகு, மணலில் புதைந்த எஞ்சின்களை நாம் நாள் கணக்கில் அப்படியே கிடக்க விட்டோம். அன்று இருந்த நிலையில் எஞ்சினைப் பற்றி எண்ணும் மனம் யாருக்கு இருந்தது? குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எனினும் ஒரு டிரம் தண்ணீர் என்ன செய்யும் என்பது ஒரு முறைக்கு இரு முறை சொல்லத்தக்கது.

எண்ணெய்க் கலவையைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தக் கோட்பாடு இருக்கிறது. ஒருவர் மூடியால் அளக்கிறார், ஒருவர் கண்ணால் அளக்கிறார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் அதன் உள்ளுறுப்புகளுக்கு உணவு. ஐம்பதுக்கு ஒன்று என்று கம்பெனி சொல்லியிருந்தால், லிட்டருக்கு 20 மில்லி. பத்து லிட்டர் கேனுக்கு 200 மில்லி. மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு அதைவிட அதிகம் கேட்பார்கள். முப்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 33 மில்லி. உங்கள் எஞ்சினுக்கு எது என்பதை அதன் புத்தகத்தில் பாருங்கள். மருந்துக் கடையில் அளவுக் குப்பி கிடைக்கும். குறைந்தால் பிஸ்டன் ஒட்டும். கூடினால் பிளக் கரியும். சமையல் எண்ணெய் ஊற்றியவர் ஒருவரையும் நாம் அறிவோம். அந்தக் கதை இந்த மேடைக்கு வேண்டாம்.

மண்ணெண்ணெய் என்றதும் மற்றொன்று. கரை சேருமுன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்கினால் மறுநாள் அதிகாலையில் கயிறு இழுத்துத் தோள் கழன்றுவிடும். பெட்ரோல் எஞ்சினை வாங்கி, செலவு மிச்சம் என்று அப்படியே மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் எஞ்சினில் அமுக்கம் குறைவாக இருக்கும்படி தலைப்பகுதியைச் செய்திருக்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினின் உயர்ந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் காலத்துக்கு முன் வெடித்து, சுத்தியலால் அடித்தாற்போல் தட்டும். அந்தத் தட்டு பிஸ்டனைத் துளைக்கும். மாறாக, மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெட்ரோலுக்கு மாற்ற விரும்புவோர் தலைப்பகுதியையும் கார்புரேட்டர் ஜெட்டையும் முறைப்படி மாற்றிக்கொள்ளலாம். அது நல்ல மேம்பாடே.

பெட்ரோல் என்றாலும் முன்பு இருந்த பெட்ரோல் இன்று இல்லை. நம் நாட்டில் 2023 முதல் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கேனில் நீண்ட நாள் கிடந்தால் நீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பழைய எஞ்சினின் ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டரின் உள் ரப்பர்களும் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. இப்போது இளகி, உப்பி, துகளாகி அடைக்கின்றன. இருபது ஆண்டு எஞ்சினுக்கு முதலில் செய்ய வேண்டிய மேம்பாடு எதுவென்று கேட்டால், புதிய குழாய்களும் ஒரு நல்ல வடிகட்டியும்தான். யாரும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

கியர் பெட்டியின் எண்ணெயை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கீழ் திருகைக் கழற்றிப் பாருங்கள். பால் போல் வெளுத்து வந்தால் சீல் போய்விட்டது, கடல்நீர் புகுந்துவிட்டது என்று பொருள். புதிய எண்ணெயைக் கீழ் துவாரத்திலிருந்து மேலே ஏற்ற வேண்டும். மேல் துவாரத்தில் எண்ணெய் எட்டிப் பார்த்ததும் முதலில் மேல் திருகு, பிறகு கீழ் திருகு. மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நிற்கும். வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

பழைய சிறிய எஞ்சின்களில் புரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் மெல்லிய பின் ஒன்று உண்டு. பாறையிலோ வலையிலோ அடிபட்டால் தான் முறிந்து கியரைக் காப்பதற்காகவே அதை மென்மையாகச் செய்திருக்கிறார்கள். அது அடிக்கடி முறிகிறது என்று கோபங்கொண்டு, அதன் இடத்தில் இரும்பு ஆணியை அடித்துவைக்கிறார்கள். ஆணி முறிவதில்லை, கியர் பல் முறிகிறது. சரியான பின் நான்கைக் கயிற்றில் கோத்து வள்ளத்தில் தொங்கவிட்டால் போதுமே! பிளக்கும், பிளக் கழற்றும் குழாய்ச் சாவியும், கிளப்பும் கயிறும் அத்தோடு இருக்கட்டும்.

இனி, நேற்றைய நண்பர் கேட்ட இருபத்தைந்து குதிரைச் சக்திக்கு வருவோம். மேம்பாடு என்றாலே பெரிய எஞ்சின் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வள்ளத்துக்கு என்று ஒரு வேகம் இருக்கிறது. வலையும் ஐஸும் மீனும் ஏற்றித் தண்ணீரைப் பிளந்து செல்லும் வள்ளம் தன் நீளத்துக்கு ஏற்ற வேகத்தைத் தாண்ட மறுக்கும். நீரில் படியும் நீளம் 25 அடி என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 6.7 நாட், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். அதற்கு மேல் எத்தனை குதிரைகளைப் பூட்டினாலும் முகப்பு நிமிர்ந்து பின்புறம் அமிழ்ந்து அலைதான் பெரிதாகிறது. இலேசான பைபர் படகு வெறும் படகாக நீர்மேல் சறுக்கி ஓடும், உண்மை. பாரம் ஏற்றித் திரும்பும்போது ஓடுகிறதா என்று பாருங்கள். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்வது அதற்குத் தேவையான சக்தி என்பதைக் கணக்கு அறிந்த இளைஞர்கள் புரிந்துகொள்வீர்கள்: வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் சக்தி கிட்டத்தட்டப் பாதியாகிறது. பத்து நிமிடம் தாமதமாகக் கரை சேர்வதால் மீன் கெடாது. ஏலத்தில் முந்துவதற்காக எல்லாரும் ஓட்டினால், எல்லாரும் அதே இடத்தில்தான் நிற்கிறோம். கேன் மட்டும் காலியாகிறது.

பின்பலகையையும் மறக்கலாகாது. ஒன்பதுக்காகக் கட்டிய பலகையில் இருபத்தைந்தைத் தொங்கவிட்டால் பலகை பிளக்கும். பிளந்தது கரையில் என்றால் தச்சரைக் கூப்பிடலாம்.

போர் ஸ்ட்ரோக் எஞ்சின் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கார்புரேட்டர் உள்ள டூ ஸ்ட்ரோக்கில், ஊற்றும் எரிபொருளில் ஏறத்தாழ கால் பங்கு எரியாமலே புகைவழியாகக் கடலுக்குப் போகிறது. போர் ஸ்ட்ரோக்கில் அந்த நட்டம் இல்லை. ஆனால் பதினைந்து குதிரைச் சக்தி டூ ஸ்ட்ரோக் நாற்பது கிலோவுக்கு உட்பட்டது. போர் ஸ்ட்ரோக் ஐம்பது கிலோவைத் தொடும். தினமும் மணலில் தோளில் சுமக்கிறவர் யார்? அதன் வயிற்றில் எண்ணெய் இருப்பதால் நினைத்த பக்கம் படுக்கவைக்க முடியாது. அலையில் கவிழ்ந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறும். துறைமுகத்தில் நங்கூரமிடும் படகுக்கு நல்லது. அலையோடு மல்லாடும் கரைக்கு, யோசித்துச் செய்யுங்கள் என்பதே நம் கருத்து. வேறு கருத்துள்ளோர் இருக்கலாம்.

உண்மையில் பயன் தரும் மேம்பாடுகள் சிறியவை. மிகப் பழைய எஞ்சின்களில் பிளைவீலுக்கு அடியில் 'பாயின்ட்' என்னும் தொடுமுனைகள் இருக்கும். கடற்காற்றில் அவை பச்சை பூத்துப் பொறி வராமல் செய்யும். அதே வரிசையில் பின்னர் வந்த எஞ்சினின் எலக்ட்ரானிக் பொறியமைப்பைச் சில மாடல்களுக்கு முழுதாக மாற்றிப் பொருத்தலாம். அந்தத் தொல்லை அத்தோடு தீரும். புரொப்பெல்லர் மற்றொன்று. கம்பெனி தரும் புரொப்பெல்லர் பெரும்பாலும் இலேசான படகுக்கானது. பாரவள்ளத்துக்கு முறுக்கம் குறைந்தது வேண்டும். எஞ்சின் திணறித் திணறி ஓடினால் சக்தி போதாது என்று முடிவு கட்டாமல், முதலில் வேறு புரொப்பெல்லரைக் கடன் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். மேலும், காலில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி தேய்வதற்காகவே இருப்பது. அலுமினியத்துக்குப் பதிலாக உப்பு அதைத் தின்கிறது. அழகுக்காக அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

கைவிட வேண்டிய எஞ்சினும் உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். சிலிண்டர் தேய்ந்திருந்தால் கால் மில்லி, அரை மில்லி பெருக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடலாம். இரண்டு சிலிண்டரின் அமுக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எஞ்சின் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் நடுத்தண்டின் பேரிங் ஆடினாலும், உடலில் விரிசல் விழுந்தாலும், தண்ணீர் ஓடும் வழிகளை உப்பு அரித்துத் தின்றுவிட்டாலும், செலவைக் கொட்டாதீர்கள். உதிரிப்பாகம் கிடைக்காததும் அப்படியே. 1909இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்ற நார்வே நாட்டுக் குடியேறி விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின்தான் வியாபார அளவில் வெற்றி கண்ட முதல் வெளிப்பொருத்து எஞ்சின் என்பார்கள். நூற்றுப் பத்து ஆண்டுக்கு மேல் அவர் பெயரில் எஞ்சின்கள் வந்தன. 2020இல் அவையும் நின்றுவிட்டன. பெயர் பெரியது என்பதற்காக ஓட்டை எஞ்சினைக் கட்டி அழுவதில் பொருளில்லை. அப்படிப்பட்டதை இரும்புக்குப் போடாமல், உதிரிக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்திருந்தாலும் சரி, துடுப்பு இரண்டும் ஒரு சிறு பாயும் வள்ளத்தில் இருக்கட்டும். நம் முன்னோர் எஞ்சின் இன்றிக் கணியம் பார்த்துப் பார் தேடிப் போனார்கள், திரும்பியும் வந்தார்கள். எஞ்சின் வந்தபின் தூரம் கூடியது, பாய் போய்விட்டது. ஆதலால் எஞ்சின் நின்றால் நமக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் அடித்தபோது நம் மாவட்டத்துக் கரைகள் எதை இழந்தன என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அன்று நல்ல எஞ்சின் எல்லாரையும் காத்திருக்கும் என்று சொன்னால் அது பொய். எனினும், சாதாரண நாளில், சாதாரணக் காற்றில், ஒரு ரப்பர்ச் சக்கரத்துக்காக மனிதர் கடலில் மிதக்க வேண்டியதில்லை.

இப்போது நேற்றைய எஞ்சின். நம் நண்பரை இழுத்துக்கொண்டு போய், இரவு பங்கு வீட்டுத் தாழ்வாரத்தில் பெட்ரோமாக்ஸ் வேண்டாத இந்தக் காலத்து டியூப் விளக்கில் அதைத் திறந்தோம். நம் பங்கு இளைஞர்கள் இருவர் துணை நின்றார்கள். பட்டறையில் வேலை செய்கிறவர்கள். காலைக் கழற்றும் போல்ட் ஒன்று உப்பில் இறுகிவிட்டது. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி எடுக்க ஒரு மணி நேரம். (மாட்டும்போது கிரீஸ் தடவியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிச்சம்.) உள்ளே இம்பெல்லரில் ஆறு இதழ்களில் இரண்டு இல்லை. முறிந்த துண்டுகள் மேலே போய்த் தண்ணீர் வழியை அடைத்திருந்தன. கியர் எண்ணெய் பால் போல் இருந்தது. கார்புரேட்டரில் பச்சைப் பிசின். ஆனால் பிஸ்டனில் கீறல் இல்லை. இரண்டு சிலிண்டரின் அமுக்கமும் கிட்டத்தட்ட ஒன்று. சூடேறி நிற்கத் தொடங்கியதுமே அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அது அந்த எஞ்சினைக் காப்பாற்றியிருக்கிறது.

கடன் பத்திரத்தில் அவர் இன்னும் கையெழுத்திடவில்லை. உதிரிப்பாகங்களின் விலைப்பட்டியலை இளைஞர்கள் எழுதி அவரிடம் தந்திருக்கிறார்கள். வீட்டில் அம்மாவோடு கலந்து பேசி முடிவு செய்யட்டும்.

கடல் முரண்டு பிடிக்கும் இந்த ஆனி, ஆடி மாதங்களில் வெள்ளிக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்குப் பங்கு வீட்டுத் தாழ்வாரம் திறந்திருக்கும். அந்த இளைஞர்கள் இருவரும் வருவார்கள். எஞ்சினைச் சுமந்து வாருங்கள். கூடவே அதன் புத்தகம் வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் கொண்டுவாருங்கள். இம்பெல்லருக்கும் சீலுக்கும் ஆகும் செலவு உங்களுடையது, கூலி இல்லை. டிரம் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். தண்ணீர் மட்டும் போதாது. வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு குடம் கொண்டுவந்தால் நலம்.